கிராபீன் படத்தில் அளவுக்கோட்டை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கிராபீன் கட்டுரையைப் படித்தேன். 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவை வைத்தே கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு கனமுள்ள கார்பன் ஏடான கிராபீனை உரித்தெடுத்தது, அதற்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது எல்லாம் சரியாகவும் சுவையாகவும் எழுதப்பட்டிருந்தன. கட்டுரையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட வந்த படத்தில்தான் இருக்கிறது. நீலப் பின்னணியில் பளபளக்கும் உருண்டைகள், அவற்றை இணைக்கும் குச்சிகள், பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பிசகும் இல்லாத அறுகோண வலை. கீழே ‘நுண்ணோக்கியில் தெரியும் கிராபீன்’ என்று ஒரு வரி. அந்தப் படத்தை எந்த நுண்ணோக்கியும் எடுக்கவில்லை. யாரோ கணினியில் வரைந்தது.

நான் கோவையில் ஓர் ஆய்வு மையத்தில், எலக்ட்ரான் கற்றையைப் பொருளின் ஊடே செலுத்திப் படமெடுக்கும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குகிறவள். இந்தப் பொருட்களைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஓவியம் போடுவது தப்பே இல்லை. அடியில் ‘ஓவியம்’ என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் அதையே நுண்ணோக்கிப் படம் என்று சொல்லும்போது, கிராபீன் போன்ற அடுக்குப் பொருட்களில் எது முக்கியமோ அதுவே வாசகர் கண்ணில் படாமல் போகிறது. அந்த வலை எங்கே பிசகுகிறது, ஒரு ஏட்டின் மேல் இன்னொரு ஏடு எப்படி உட்கார்ந்திருக்கிறது, எந்த அணு காணோம், இதெல்லாம்தான் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது.

என் மேசைக்கு வருவதையே முதலில் சொல்கிறேன். மாணவர்கள் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு பொடியைக் கொண்டுவருவார்கள். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த அடுக்குப் பொருள் அது. கறுப்பாக, கிராஃபைட் மாதிரியே கையில் ஒட்டும். கொஞ்சத்தை ஆல்கஹாலில் கலந்து, அதிர்வுத் தொட்டியில் வைத்துப் பிரித்து, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்பு கிரிட்டின், அதாவது சல்லடை மாதிரியான சின்ன வட்டின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காயவைப்போம். உள்ளே ஏற்றியதும் சாம்பிள் மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் திரையில் தெரிவது கசங்கிய தாள் மாதிரியான துணுக்குகள். அவற்றின் விளிம்பு மடிந்த இடத்தில் இணையாகக் கறுப்புக் கோடுகள் ஓடும். ஒரு கோடு ஒரு ஏடு. கோடுகளை எண்ணினால் எத்தனை ஏடு என்று தெரியும். இடைவெளியை அளந்தால் ஏடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று தெரியும். மாலிப்டினம் டைசல்பைடில் அது ஏறத்தாழ 0.62 நானோமீட்டர் இருக்க வேண்டும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மூடிய கலத்தில் நீரோடு சூடாக்கித் தயாரித்த பொடியில் சில இடங்களில் 0.9-ஐயும் தாண்டும். தயாரிப்பின்போது அமோனியம் அயனிகளோ நீரோ ஏடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அவற்றை விலக்கிவிட்டன என்று அர்த்தம். ஒரே துணுக்கின் இந்தப் பக்கம் 0.62, அந்தப் பக்கம் அகன்ற இடைவெளி என்று இருப்பதும் உண்டு.

அந்த இடத்தைக் காட்டினால் மாணவர்கள் முகம் வாடிவிடும். “மேடம், நல்லா நேரா கோடு போற இடமா பார்த்து ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் இதுவரை பார்த்த படமெல்லாம் பிசகில்லாத படம்தான். பாடப்புத்தகத்தில் அப்படி, கருத்தரங்கச் சுவரொட்டியில் அப்படி, இப்போது உங்கள் பக்கத்திலும் அப்படி. ஆனால் ஒரு மாணவியின் பேட்டரி மின்முனை இந்தத் தயாரிப்பில் நன்றாக வேலை செய்து, அடுத்த தயாரிப்பில் சோடை போகிறது என்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தக் கோணல் இடத்தில்தான் இருக்கும். நேர்க்கோட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் விடை எங்கள் அறையிலேயே தங்கிவிடும்.

கிராபீனுக்கு வருகிறேன். கார்பன் அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர், ஏடுகளுக்கு இடையே 0.335 நானோமீட்டர். இந்த எண்கள் உங்கள் கட்டுரையிலும் இருந்தன. ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்று எப்படி வருகின்றன என்பது அதில் இல்லை. 1924-ல் ஜே. டி. பெர்னல் கிராஃபைட்டின் அமைப்பைக் கண்டறிந்தார். இரண்டாவது ஏடு முதல் ஏட்டுக்கு நேர் மேலே வருவதில்லை. ஒரு பிணைப்பின் நீளம் நகர்ந்து வருகிறது. மூன்றாவது ஏடு பழையபடி முதல் ஏட்டுக்கு நேராக வந்துவிடும். இதை ஏபி அடுக்கு என்கிறோம். மூன்றாவது ஏடு திரும்பி வராமல் அதே திசையில் இன்னொரு படி நகர்ந்தால் அது ஏபிசி அடுக்கு. மண்ணிலிருந்து எடுக்கும் கிராஃபைட்டில் இரண்டாவது வகையும் கொஞ்சம் கலந்திருக்கும்; அரைத்தால் அதன் பங்கு கூடும். நம் சிவகங்கையில் வெட்டியெடுக்கிற செதில் கிராஃபைட்டுக்கும் இந்த அடுக்கு விதிதான். அணுவும் அதே, பிணைப்பும் அதே, நகர்ந்த திசை மட்டும்தான் வேறு. ஆனால் ஏபிசி அடுக்கில் மூன்று ஏடு வைத்த கிராபீனில் 2021-ல் மீக்கடத்துத்திறனை, அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதைக் கண்டார்கள். ஐந்து ஏடு வைத்ததில், வெளிக் காந்தப்புலம் இல்லாமலேயே எலக்ட்ரான்கள் பின்ன மின்னூட்டம் (ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் ஒரு பங்கு மட்டும்) கொண்டவை போல நடந்துகொள்வதை எம்.ஐ.டி. குழு 2024-ல் வெளியிட்டது. உருண்டையும் குச்சியுமாக வரைந்த ஓர் ஏட்டுப் படத்தில் இதற்கெல்லாம் இடமே கிடையாது.

இந்த நகர்வை நுண்ணோக்கியில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எலக்ட்ரான் கற்றை ஓர் ஏட்டைக் கடக்கும்போது ஒரு பங்கு நேராகப் போய்விடும். இன்னொரு பங்கை அணு வரிசைகள் குறிப்பிட்ட திசைகளுக்குத் திருப்பிவிடும். அது திரையில், நடுப் புள்ளியைச் சுற்றி அறுகோணமாகப் புள்ளிகள் விழுவதாகத் தெரியும். நேராக வரும் கற்றையை மறைத்துவிட்டு, சுற்றியிருக்கும் புள்ளிகளில் ஒன்றை மட்டும் ஒரு சின்னத் துளை வழியே விட்டுப் படமெடுத்தால், அந்தப் புள்ளிக்குக் காரணமான பகுதிகள் மட்டும் வெளிச்சமாகும், மற்றதெல்லாம் இருட்டு. இதை இருட்டுப்புல முறை என்கிறோம். இரண்டு ஏட்டு கிராபீனில் மேல் ஏடு இந்தப் பக்கம் நகர்ந்தால் ஏபி, அந்தப் பக்கம் நகர்ந்தால் பிஏ. சாம்பிளைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், பிரித்தறிய முடியாது. சாம்பிளைக் கொஞ்சம் சாய்த்தால் ஒன்று வெளுக்கிறது, மற்றது கறுக்கிறது. ஒரே சீரான ஏடு என்று நினைத்துக்கொண்டிருந்த பரப்பில் திட்டுத்திட்டாக நாடு பிரித்த மாதிரி எல்லைகள் தெரிய ஆரம்பிக்கும். வேறொரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் திட்டுகள் ஒன்றாகிவிடும், எல்லைகள் மட்டும் கறுப்புக் கோடுகளாக நிற்கும்.

கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2013-ல் இப்படித்தான் அந்த எல்லைகளை வரைந்து காட்டியது. சில நானோமீட்டர் அகலத்துக்குள் மேல் ஏடு இழுபட்டோ சறுக்கியோ ஒரு பிணைப்பு தூரம் நகர்ந்துவிடுகிறது. அதனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு ஏட்டு கிராபீனில் மின்புலம் கொடுத்தால் ஏபி பகுதியும் பிஏ பகுதியும் மின்சாரத்தைக் கடத்தாமல் நிறுத்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த எல்லைக்கோடு மட்டும் ஒரு கம்பி மாதிரி கடத்தும். 2015-ல் பெர்க்லியில் இதை அளந்து காட்டினார்கள். குறை என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கம்பி கண்ணில் பட்டிருக்காது.

ஏட்டை நகர்த்துவது ஒரு வகை என்றால் திருப்புவது இன்னொரு வகை. இரண்டு கொசுவலையை ஒன்றின் மேல் ஒன்று போட்டு ஒன்றைச் சற்றே திருப்பினால் பெரிய பெரிய கட்டங்கள் தெரியுமே, அதே மாதிரி இரண்டு கிராபீன் ஏடுகளைத் திருப்பி வைத்தாலும் ஒரு பெரிய கோலம் எழும். 1.1 டிகிரி திருப்பினால் கோலத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 13 நானோமீட்டர். அந்தக் கோணத்தில்தான் 2018-ல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-எரேரோவின் குழு மீக்கடத்துத்திறனைக் கண்டது. கோணம் அதைவிடக் குறைந்தால் ஏடுகள் அப்படியே விறைப்பாகக் கிடப்பதில்லை. அணுக்கள் தாங்களே நகர்ந்து ஏபி, பிஏ முக்கோணங்களாகத் தங்களைச் சீர்செய்துகொள்கின்றன. 2019-ல் ஹார்வர்டு குழு, நான் மேலே சொன்ன அதே இருட்டுப்புல முறையில் இந்த முக்கோணங்களைப் படமெடுத்தது. ஒரு சாம்பிளிலேயே இங்கே ஒரு கோணம், அங்கே ஒரு கோணம் என்று இருக்கும். ‘1.1 டிகிரி’ என்று கட்டுரையில் எழுதுவது எளிது. எந்த இடத்தில் 1.1 என்று சொல்ல யாராவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒற்றை ஏட்டிலும் கதை இருக்கிறது. செப்புத் தகட்டின் மேல் வாயுவிலிருந்து கிராபீனை வளர்க்கும்போது அது பல இடங்களில் ஒரே நேரத்தில் முளைக்கிறது. ஒவ்வொன்றும் தன் திசையில் வளர்ந்து கடைசியில் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் அறுகோணங்கள் சேராது. ஐங்கோணமும் எழுகோணமும் மாறிமாறி வந்து அந்தத் தையலைப் போடுகின்றன. 2011-ல் கார்னெல் குழு ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம் கொடுத்து இந்தத் துண்டுகளை முழுசாகக் காட்டியது. தையல் இருக்கும் ஏடு எளிதில் கிழிகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. 2013-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், செப்பிலிருந்து ஏட்டை எடுத்து மாற்றும் முறையைக் கவனமாகத் திருத்திச் செய்தபோது தையல் போட்ட ஏடும் கிட்டத்தட்ட பிசகில்லாத ஏட்டின் பலத்தையே காட்டியது. உங்கள் கட்டுரையில் ‘எஃகைவிட 200 மடங்கு வலிமை’ என்று ஒரு வரி இருந்தது. எந்த ஏடு, எப்படி வளர்த்தது, எப்படி மாற்றியது என்று சொல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அணுவைத் தனியாகப் பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் அணுக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வசதி எங்கள் கருவியில் இல்லை. எலக்ட்ரானின் அலைநீளம் தடையில்லை. எலக்ட்ரான்களை 200 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கினால் அது 0.0025 நானோமீட்டர்தான். லென்ஸ்தான் தடை. வட்டமான காந்த லென்ஸ்களில் கோளப் பிறழ்ச்சியை, அதாவது ஓரத்தில் போகும் கற்றையும் நடுவில் போகும் கற்றையும் ஒரே புள்ளியில் குவியாத குறையைத் தவிர்க்கவே முடியாது என்று 1936-லேயே ஓட்டோ ஷெர்ட்சர் நிறுவிவிட்டார். 1970-ல் சிகாகோவில் ஆல்பர்ட் க்ரூ தனி அணுக்களைப் பார்த்தார் என்றால் அவை யுரேனியம், தோரியம் மாதிரிக் கனமான அணுக்கள். பிறழ்ச்சியைத் திருத்தும் அமைப்பு 1990-களில்தான் கைகூடியது. ஹரால்ட் ரோஸ், மாக்ஸிமிலியன் ஹைடர், க்னூட் அர்பன், ஒந்த்ரெய் கிரிவானெக் நால்வருக்கும் 2020-ல் நார்வே வழங்கும் அறிவியல் விருதான காவ்லி பரிசு கிடைத்தது அதற்காகத்தான். அந்த வகைக் கருவியில் மெல்லிய கற்றையை ஏட்டின் மேல் புள்ளி புள்ளியாக ஓட்டி, அகலமாகச் சிதறும் எலக்ட்ரான்களை ஒரு வளைய டிடெக்டரில் பிடிப்பார்கள். அணு கனமாக இருந்தால் வெளிச்சம் அதிகம். மாலிப்டினத்தின் அணு எண் 42, கந்தகத்தின் அணு எண் 16. ஒற்றை ஏட்டை மேலிருந்து பார்த்தால் இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். ஒன்று காணாமல் போனால் அந்தப் புள்ளி மட்டும் மங்கிவிடும். இரண்டும் போனால் இருட்டு. அவ்வளவு நேரடியாகத் தெரிகிறது.

ஆனால் பார்க்கிறபோதே கெடுத்துவிடுகிற அபாயமும் இருக்கிறது. கிராபீனை 80 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோனாலே கற்றை கார்பன் அணுக்களை இடித்துத் தள்ளத் தொடங்கும். மாலிப்டினம் டைசல்பைடில் கந்தகம் 80-லேயே கழன்று போகும். அதனால்தான் இந்த வேலைக்கு 60, 80 என்று இறங்கி வருகிறார்கள். 2010-ல் கிரிவானெக்கும் கூட்டாளிகளும் 60 கிலோவோல்ட்டில்தான் போரான் நைட்ரைடு ஏட்டில் எது போரான், எது நைட்ரஜன், நடுவில் புகுந்துகொண்ட கார்பன் எது, ஆக்சிஜன் எது என்று வெளிச்ச வேறுபாட்டை வைத்தே அடையாளம் காட்டினார்கள். 2018-ல் கார்னெல் குழு, சிதறிய எலக்ட்ரான்கள் விழும் கோலம் முழுவதையும் ஒவ்வொரு புள்ளியிலும் பதிவுசெய்து கணினியில் கோத்து, 80 கிலோவோல்ட்டிலேயே 0.039 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டியது. அதற்கு எடுத்துக்கொண்ட பொருளும் மாலிப்டினம் டைசல்பைடுதான். ஒரு படத்தில் ஓட்டை தெரிகிறது என்றால், அது வளர்ந்தபோதே இருந்த ஓட்டையா, படமெடுத்தபோது விழுந்ததா என்று கேட்க வேண்டும். என்ன மின்னழுத்தம், எவ்வளவு நேரம் கற்றை அங்கே நின்றது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கற்றை நின்ற இடத்தில் கரி படிவதும் உண்டு. ஏட்டை மாற்றப் பயன்படுத்திய பிளாஸ்டிக் பூச்சின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் படம் முழுவதும் அழுக்குத் திட்டு. உண்மையான கிராபீன் படத்தில் பாதிக்கு மேல் இந்த அழுக்குதான் இருக்கும். அதையும் வாசகர்கள் பார்க்கட்டுமே. சுத்தமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போதுதான் புரியும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்தப் பொருட்களைப் பற்றி எழுதும்போது உண்மையான நுண்ணோக்கிப் படத்தைப் போடுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனையோ படங்கள் வருகின்றன. நம் ஊர் ஆய்வகங்களைக் கேட்டாலும் கொடுப்பார்கள். கேட்டு வருகிற பத்திரிகைக்காரர் யாரும் இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம். எலக்ட்ரான் படத்தில் நிறம் கிடையாது. எல்லாம் சாம்பல் நிறம். நிறம் சேர்த்திருந்தால், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எத்தனை கிலோவோல்ட்டில் எடுத்தது என்பதையும், எந்தப் பொருள், எத்தனை ஏடு என்பதையும் போடுங்கள். கருவியை இயக்கி அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவரின் பெயர் தெரிந்தால் அதையும்.

படத்தின் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடும் அதன்மேல் ‘5 நானோமீட்டர்’ என்பது மாதிரி ஓர் எண்ணும் இருக்கும். பக்கம் அமைப்பவர்கள் அழகுக்காக முதலில் வெட்டுவது அதைத்தான். எங்கள் மையத்தில் எடுத்த ஒரு படம் ஓர் இதழில் அப்படித்தான் வந்தது. ‘10 லட்சம் மடங்கு பெரிதாக்கியது’ என்று எழுதினால் அச்சில் படத்தைச் சுருக்கியதுமே அந்த எண் பொய்யாகிவிடும். அளவுக்கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும், சேர்ந்து விரியும். செல்போனில் பார்க்கிறவருக்கும் சரியாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி அதன்மேல் ஸ்கேலை வைத்து ஏடுகளின் இடைவெளியைத் தானே அளந்து, உங்கள் கட்டுரையில் உள்ள எண் சரிதானா என்று பார்த்துவிடலாம். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள். அந்தக் கோட்டை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குபவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.